சட்டையைத் திருப்பிப் பாருங்கள்

துறை இதழில் எழுதும் மாணவ மாணவியருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

உங்கள் இதழின் வெளியீட்டு விழாவுக்கு என்னை அழைத்திருந்தீர்கள். மேடையில் எனக்குக் கிடைத்தது பத்து நிமிடம். வாழ்த்துச் சொல்லி முடிப்பதற்குள் அதுவும் தீர்ந்துவிட்டது. கீழே இறங்கியதும் இரண்டாமாண்டு மாணவி ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, நல்லா எழுதணும்னா என்ன பண்ணணும்?” என்று கேட்டார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் அதே கேள்வியோடு நின்றிருந்தீர்கள். பேருந்துக்கு நேரமாகிவிட்டது. “நிறையப் படிங்க” என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டேன். சொன்னது பொய்யில்லை. ஆனால் நீங்கள் கேட்டதற்கு அது பதிலும் இல்லை. அந்தக் கடன் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. அதை அடைக்கத்தான் இந்த மடல்.

நானும் உங்களைப் போல காஸ்ட்யூம் டிசைன் அண்ட் ஃபேஷன் படித்தவள். இதே துறை இதழில்தான் என் பெயரை முதன்முதலில் அச்சில் பார்த்தேன். இன்று உடைகளைப் பற்றி எழுதுவதே என் பிழைப்பு. அதனால் உங்கள் இதழை விருந்தாளியைப் போல மேலோட்டமாகப் புரட்ட எனக்கு மனம் வரவில்லை. கோவையிலிருந்து திருப்பூர் வந்து சேரும்வரை, கையில் பென்சிலோடு வரிவரியாகப் படித்தேன். படங்கள் நன்றாக இருக்கின்றன. பக்க அமைப்பில் நாங்கள் எட்டாத உயரத்தை நீங்கள் எட்டியிருக்கிறீர்கள். எழுத்துக்கு வந்தபோது பென்சில் நின்று நின்று போனது. ‘கண்கவர்’, ‘நேர்த்தியான’, ‘அசத்தலான’, ‘ட்ரெண்டியான’ என்று பார்த்த இடமெல்லாம் வட்டம் போட்டேன். மூன்று பக்கம் நீளும் கோடைக்கால உடைக் கட்டுரையில் எந்தத் துணி எந்த உடைக்கு என்று ஓரிடத்திலும் இல்லை.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. என் முதல் கட்டுரையும் இப்படித்தான் இருந்தது. அதைத் திருத்தியவர் பேராசிரியரோ பத்திரிகையாளரோ இல்லை, என் அம்மா.

அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவர். பவர் டேபிளில் தைத்து வரும் உருப்படிகளைக் குவித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்து உள்ளும் புறமும் பார்க்க வேண்டும். தையல் விட்டிருக்கிறதா, துணியில் ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை பட்டிருக்கிறதா என்று பார்த்து, பிசிறை வெட்டி, நல்லதை ஒரு பக்கமும் கெட்டதை ஒரு பக்கமும் போட வேண்டும். பல நாள் ஒன்றரை ஷிப்ட். வீட்டுக்கு வந்த பிறகும் அவர் புடவை மடிப்பில் பஞ்சுத் துகள் ஒட்டியிருக்கும்.

என் கட்டுரை ஓவர்சைஸ் டி-ஷர்ட் பற்றியது. இதழ் வந்த அன்று இரவு அம்மாவிடம் நீட்டினேன். காலை நீட்டி உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாக நிதானமாகப் படித்தார். “நல்லா இருக்கு கண்ணு” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “இது என்ன துணி?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. “எத்தனை ஜிஎஸ்எம் இருக்கும்?” அதுவும் தெரியவில்லை. “தோள்ல டேப் வெச்சிருக்கா?” நான் பேசாமல் இருந்தேன். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு படம் எடுத்து, அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியவள் நான்.

அம்மா எழுந்து போய்க் கொடியில் கிடந்த சட்டையை எடுத்து வந்தார். ஒருமுறை உதறி, உள்பக்கத்தை வெளியே திருப்பினார். கழுத்தின் பின்பக்கத்திலிருந்து தோள் முடியும்வரை தையலோடு சேர்த்து ஒரு மெல்லிய நாடா ஓடியிருந்தது. பின்னல் துணி இழுபடும். நாடா இல்லாவிட்டால் நாலு தண்ணீர் பட்டதும் தோள் தொங்கிப்போகும் என்றார். கீழ் மடிப்பில் வெளியே இரண்டு கோடாகத் தெரிந்த தையல் உள்ளே ஏணி போலப் பின்னிக் கிடந்தது. அது ஃப்ளாட்லாக். இடுப்புப் பக்கத் தையல் நேராக இறங்காமல் முன்பக்கமாக நகர்ந்து வந்திருந்தது. “முறுக்கிக்கிச்சு பாரு” என்றார். சிங்கிள் ஜெர்சி துணியில் நூலின் முறுக்கு சரியாக அடங்காவிட்டால், துவைத்த பிறகு துணி தன் போக்கில் திரும்பிக்கொள்ளும். கடைசியில் துணியை இரண்டு விரலால் நிமிண்டிப் பார்த்துவிட்டு, “இது கனத்த துணி. அதான் பெட்டி மாதிரி நிக்குது” என்றார்.

நான் ஒரு பக்கம் முழுக்க எழுதியும் சொல்லாமல் விட்டது இதைத்தான். ஒரு சதுர மீட்டர் துணியின் எடை எத்தனை கிராம் என்பதே ஜிஎஸ்எம். 150ஐ ஒட்டிய துணி உடம்போடு வழியும். 240ஐ ஒட்டிய துணி உடம்பை விட்டு விலகி நிற்கும். ஓவர்சைஸ் சட்டை அந்த வடிவத்தில் நிற்பதற்கு அளவு மட்டும் காரணமில்லை, கனமும் காரணம். இதை எழுதியிருந்தால், படித்த பெண்ணொருத்தி கடையில் துணியைத் தொட்டுப் பார்த்து வாங்கியிருப்பாள். ‘ஸ்டைலான’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு அவளால் என்ன செய்ய முடியும்?

எனவே நான் சொல்ல வந்த ஒரே செய்தி இதுதான்: எழுத உட்காரும் முன் சட்டையைத் திருப்பிப் பாருங்கள். உடையின் வெளிப்பக்கத்தைப் படமே காட்டிவிடும். உள்பக்கத்தைக் காட்டுவதற்குத்தான் எழுத்து வேண்டும். இந்த மடலில் இனி நான் சொல்லும் எல்லாமே இந்த ஒரு பழக்கத்திலிருந்து வந்தவை.

முதலில் சொற்கள். உங்கள் இதழில் சிவப்பு வகையெல்லாம் ‘மெரூன்’, பச்சை வகையெல்லாம் ‘கிரீன்’. நம் ஊர்ப் பட்டுக்கடையில் போய் உட்கார்ந்து பாருங்கள். அரக்கு, வாடாமல்லி, கிளிப்பச்சை, பாக்கு, கத்தரிப்பூ, மாந்துளிர், மயில்கழுத்து, ஆனந்தா ப்ளூ என்று பாட்டிமார் சரளமாகக் கேட்டு வாங்குவார்கள். இவை அழகுக்காகச் சொல்லும் சொற்கள் இல்லை, துல்லியத்துக்காகச் சொல்பவை. மயில்கழுத்து என்றால் நீளவாட்டில் ஓடும் பாவு ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை ஒரு நிறம். கட்டிக்கொண்டு நடக்கும்போது வெளிச்சம் படும் கோணத்துக்கு ஏற்ப நீலமும் பச்சையும் மாறி மாறித் தெரியும். நெசவின் முறையையே ஒரு பறவையின் கழுத்தில் அடக்கிவிட்ட சொல் அது. எம்.எஸ். சுப்புலட்சுமிக்காகக் காஞ்சிபுரத்தில் முத்துச் செட்டியார் நெய்து கொடுத்த நீலம் இன்றும் ‘எம்.எஸ். ப்ளூ’ என்றே வழங்குகிறது. இந்தச் சொற்களை நீங்கள் எழுதாவிட்டால், உங்களுக்குப் பின் வருபவர்களுக்கு இவை கிடைக்காமல் போகும்.

துணிக்குப் பெயர் சொல்வது நம்மிடம் பழைய வழக்கம். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் துணிக்கடை வீதி வரும் இடத்தில் உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் நின்றுவிடுகிறார். கோசிகம், பீதகம், அரத்தம், கோங்கலர், சித்திரக்கம்மி என்று 36 வகைத் துணிகளைப் பெயர் சொல்லி அடுக்குகிறார். உரையாசிரியர் ஒருவர் பொறுமையாகப் பட்டியல் போட்டு வைத்ததால்தான் அந்தப் பெயர்களாவது நமக்கு மிஞ்சின. இன்று உங்கள் இதழ் அந்த வேலையைச் செய்யலாம். நெகமம் சேலை, செட்டிநாட்டுக் கண்டாங்கி, கோவைக் கோரா காட்டன், மதுரைச் சுங்குடி, பவானி ஜமக்காளம் என்று ஒவ்வொன்றும் ஒரு கட்டுரைக்குக் காத்திருக்கிறது. நெகமம் உங்கள் கல்லூரியிலிருந்து ஒரு பேருந்துத் தொலைவில்தான் இருக்கிறது.

இதற்காகத் தனித்தமிழ்தான் எழுத வேண்டும் என்று சொல்ல வரவில்லை. ஓவர்லாக்கை ஓவர்லாக் என்றும், காஜா பட்டனைக் காஜா பட்டன் என்றும் எழுதுங்கள். அந்த மெஷினில் உட்கார்ந்திருப்பவர் சொல்லும் சொல்லே சரியான சொல். அகராதியில் தேடி அவருக்கே புரியாத ஒரு சொல்லைக் கொண்டுவந்து வைத்தால், அவரைக் கட்டுரைக்கு வெளியே நிறுத்தியதாகிவிடும்.

அடுத்தது கண். பொருநராற்றுப்படை உங்களுக்குப் பள்ளியில் மதிப்பெண்ணாக மட்டுமே அறிமுகமாகியிருக்கும். அதை உடை எழுத்தாக ஒருமுறை படியுங்கள். கரிகாலனைப் பார்க்கப் போகும் பொருநனின் பழந்துணியை முடத்தாமக்கண்ணியார் காட்டும் விதத்தைப் பாருங்கள். ஈரும் பேனும் குடியிருக்கும் துணி, வேர்வையில் நனைந்தது, கிழிந்த இடங்களில் வேறு நூல் ஓடித் தைத்தது. பிறகு அரசன் கொடுக்கும் புதுத்துணி வருகிறது. இழை ஓடும் வழியைக் கண்ணால் பின்தொடர முடியாத அளவு நுட்பமான நெசவு, பூவேலை, பாம்பு உரித்த தோல் போன்ற மென்மை. ‘அழகான ஆடை’ என்று சொல்லி நகர்ந்துவிடவில்லை அந்தப் புலவர். ஒட்டுப்போட்ட நூல் வேறு நூல் என்பதைப் பார்த்திருக்கிறார். வறுமையை அந்த ஒரு நூல் சொல்லிவிடுகிறது.

அந்தக் கண் பழக்கத்தால் வருவது. நியூயார்க்கில் பில் கன்னிங்ஹாம் என்ற புகைப்படக்காரர், 2016இல் தம் 87ஆம் வயதில் இறக்கும் காலம்வரை, தெருமுனையில் நின்று போகிறவர் வருகிறவர் உடையைப் படமெடுத்துப் பத்திரிகையில் வெளியிட்டுவந்தார். நகரத்துக்குள் போய்வர அவருக்கு ஒரு சைக்கிள் போதுமாக இருந்தது. உங்களுக்குக் காந்திபுரம் பேருந்து நிலையம் போதும். ஒரு மணி நேரம் உட்காருங்கள். இருபது பேர் உடுத்தியிருப்பதை, ‘அழகான’ என்ற சொல் இல்லாமல், நோட்டில் எழுதுங்கள். ஃபேஷன் இதழ்களில் இதுவரை இடம்பிடிக்காத உடைகள் கண்ணில் படும். கட்டட வேலைக்குப் போகும் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை போட்டிருப்பார்கள். வெயிலுக்கும் சிமென்ட் தூசிக்கும், குனிந்து நிமிரும்போது மாராப்பு விலகாமல் இருப்பதற்கும் அவர்களே கண்ட வழி அது. எந்த டிசைனரும் வரைந்து கொடுக்கவில்லை. நைட்டியின் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு பால் வாங்கப் போகும் அம்மாக்களைப் பாருங்கள். வீட்டு உடை ஒன்று தெருவுக்கு வரும்போது ஒரு துண்டு அதற்கு அனுமதிச் சீட்டாகிறது. பாரிஸ் ராம்ப் பற்றி நீங்கள் எழுதுவதை உலகில் ஆயிரம் பேர் உங்களைவிட நன்றாக எழுதிவிடுவார்கள். அந்தத் துண்டைப் பற்றி எழுத உங்களைவிடத் தகுந்தவர் கிடையாது.

இனி, இன்றும் என்னை வருத்தும் ஒரு தவற்றைச் சொல்கிறேன். மூன்றாமாண்டில் காஞ்சிபுரத்துக்குப் போய்க் கோர்வைப் புடவை நெசவைப் பார்த்து எழுதினேன். கோர்வை என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். உடல் ஒரு நிறம், இரண்டு பக்கக் கரையும் வேறு நிறம். ஊடை நூலை ஏந்தி ஓடும் நாடா இடப்பக்கக் கரைக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, வலப்பக்கக் கரைக்கு ஒன்று என்று மூன்று ஓட வேண்டும். கரை ஊடையும் உடல் ஊடையும் ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்பும். அந்தக் கோப்புதான் புடவையின் உயிர். ஒருவர் தனியாக இதை நெய்ய முடியாது. நெசவாளருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து ஒரு நாடாவைக் கையாள வேண்டும்.

நான் போன வீட்டில் அந்த இன்னொருவர், நெசவாளரின் மனைவி. குழித்தறியில் கால் இறக்கிக் கணவர் மிதித்துக்கொண்டிருக்க, அவர் வலப்பக்கம் உட்கார்ந்து நாடாவைக் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார். இடையிடையே எழுந்து அடுப்பைப் பார்த்தார். எனக்குக் காபி கொடுத்தார். நான் கேள்விகளையெல்லாம் கணவரிடமே கேட்டேன். ‘தன்னந்தனியே தறியோடு தவம் செய்யும் கலைஞர்’ என்று கட்டுரையைத் தொடங்கினேன். அந்த வரிக்கு வகுப்பில் பாராட்டுக் கிடைத்தது.

இதழைக் கொடுக்கத் திரும்பப் போனேன். அவர்கள் மகன் சத்தமாகப் படித்துக் காட்டினான். முதல் வரி முடிந்ததும் அந்த அம்மா தறியிலிருந்து கையெடுக்காமலே என்னைப் பார்த்து, “நானும்தானேம்மா உக்காந்திருந்தேன்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வீட்டில் ஒரு பாத்திரம் இடம் மாறியிருப்பதைச் சொல்வது போலச் சொன்னார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நாடாவுக்கு நூல் சுற்றியது அவர். விடியற்காலையில் தெருவில் பாவு போடும்போது ஒரு முனையில் நின்றது அவர். புடவையில் ஒவ்வொரு ஓட்டத்திலும் அவர் கை இருந்தது. என் கண் அவரைக் காபி கொடுத்தவராக மட்டும் பார்த்துவிட்டது.

அடுத்த இதழில் மூன்று வரியில் திருத்தம் போட்டோம். அவர் பெயரையும் அவர் செய்யும் வேலையையும் எழுதினோம். மாணவர் இதழில் திருத்தம் போடுவது மானக்கேடு என்று நண்பர்கள் நினைத்தார்கள். எனக்கோ அன்றுதான் நான் எழுத்துக்காரி ஆனதாகத் தோன்றியது. உங்களிடம் கேட்கிறேன்: தவறு நேர்ந்தால் மறைக்காதீர்கள், அடுத்த இதழில் அதே பக்கத்தில் திருத்துங்கள். ஒரு வீட்டுக்கோ பட்டறைக்கோ போனால், பேசுகிறவரிடம் மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். பேசாமல் வேலை செய்துகொண்டிருப்பவரிடமும் கேளுங்கள். கை மடித்துக் கொடுப்பவர், பிசிறு வெட்டுபவர், அயர்ன் செய்பவர், பேக்கிங்கில் நிற்பவர் ஆகிய எல்லாருக்கும் சொல்ல ஒன்று இருக்கும்.

‘ஃபேஷன்தானே, இதில் என்ன இவ்வளவு’ என்று வீட்டிலும் வெளியிலும் கேட்பார்கள். நீங்களே சில இரவுகளில் அப்படி நினைப்பீர்கள். அப்போது இரண்டு சம்பவங்களை நினைத்துக்கொள்ளுங்கள். அன்றைய திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரிப் பகுதியில், நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் அடிபட்டுப் போராடினார்கள். 1859இல்தான் அரச ஆணை வந்தது. அதிலும் மேல்சாதிப் பெண்களைப் போல அணியக்கூடாது என்ற நிபந்தனை இருந்தது. அடுத்தது 1921 செப்டம்பர் 22. மதுரை மேலமாசி வீதி வீட்டிலிருந்து காந்தி முழுவேட்டியையும் மேலாடையையும் விட்டு அரையாடையோடு வெளியே வந்தார். ஒரு முழத் துணி கூடுவதிலும் குறைவதிலும் இந்த நாட்டின் சாதியும் வறுமையும் அரசியலும் இருந்திருக்கின்றன. உடையைப் பற்றி எழுதுவது அற்பமான வேலை இல்லை. அற்பமாக எழுதினால்தான் அது அற்பமாகும்.

அமெரிக்காவில் உடை விமர்சகர் ராபின் கிவான் இதை நிரூபித்தார். 2005 ஜனவரியில் ஆஷ்விட்ஸ் வதைமுகாம் விடுவிக்கப்பட்டதன் 60ஆம் ஆண்டு நினைவு நிகழ்ச்சி நடந்தது. மற்ற தலைவர்கள் அடர்நிற மேலங்கியில் இருக்க, அமெரிக்கத் துணை அதிபர் டிக் செனி பச்சைப் பனிக்கோட்டும் பின்னல் தொப்பியும் போட்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கோட்டு அந்த இடத்துக்குப் பொருந்தாதது ஏன் என்று கிவான் எழுதினார். மறு ஆண்டு விமர்சனத்துக்கான புலிட்சர் பரிசு அவருக்குக் கிடைத்தது. உடை பற்றி எழுதும் ஒருவருக்கு அந்தப் பரிசு அதுவே முதல்முறை.

உள்பக்கத்தைத் திருப்பினால் அழகில்லாதவையும் தெரியும். நான் பள்ளிக்குப் போன நாட்களில் நொய்யல் பாலத்தைக் கடக்கும்போது தண்ணீர் ஒரு நாள் கருஞ்சிவப்பாக ஓடும், இன்னொரு நாள் நீலமாக ஓடும். எந்த ஊரிலோ யாரோ அணியப்போகும் நிறம் அது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரை ஆற்றுக்கு விடாத ஏற்பாடு ஆகும்வரை திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒருபக்கம் விவசாயிகளின் கிணறும் ஒரத்துப்பாளையம் அணையும் கெட்டுப்போயிருந்தன. மறுபக்கம் பட்டறை மூடியதால் வேலை போனவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். இரண்டும் உண்மை. ‘இந்த ஆண்டின் நிறம்’ என்று எழுதும்போது இந்த ஆற்றையும் நினைவில் வைத்திருங்கள். 2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்த பிறகு, ‘என் உடையைத் தைத்தது யார்?’ என்ற கேள்வி உலகம் முழுக்கக் கேட்கப்பட்டது. உங்களில் பலருக்கு அதன் விடை சொந்த வீட்டிலேயே இருக்கிறது. தைத்தது அம்மா, சித்தி, பெரியப்பா மகன். வேறு ஊர் மாணவர்கள் தேடி அலைய வேண்டிய செய்தி, உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மடிக்கிறது.

சொல்லின் பலத்துக்கு நம் சென்னையின் பழைய பெயர் தாங்கிய ஒரு கதை உண்டு. 1950களின் இறுதியில், பின்னாளில் லீலா ஹோட்டல்களை நிறுவிய சி.பி. கிருஷ்ணன் நாயரிடமிருந்து அமெரிக்க இறக்குமதியாளர் ஒருவர் மெட்ராஸ் கட்டம் போட்ட கைத்தறித் துணியை வாங்கினார். குளிர்ந்த நீரில் மெதுவாக அலச வேண்டிய துணி, இல்லையென்றால் சாயம் போகும் என்ற எச்சரிக்கை வாங்கியவர்களிடம் போய்ச் சேரவில்லை. ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் வாங்கிய உடைகள் சாயம் விட்டுக் கலங்கின. வழக்கு வரும் நிலை. அப்போது ‘செவன்டீன்’ என்ற இளம்பெண்கள் இதழில் கட்டுரை வந்தது. ஒவ்வொரு சலவைக்கும் நிறம் மாறிப் புதிதாகும் அதிசயத் துணி என்று எழுதினார்கள். குறையே பெருமையாகி, ‘ப்ளீடிங் மெட்ராஸ்’ அமெரிக்க மாணவர்களின் மோகமானது. ஒரு வரி போய்ச் சேராததால் வந்த நஷ்டத்தை வேறு சில வரிகள் லாபமாக்கின. நீங்கள் கையில் வைத்திருப்பது அவ்வளவு பலமான பொருள். அந்தக் கதையில் இறக்குமதி செய்தவர், விற்றவர், எழுதியவர் எல்லாரும் வருகிறார்கள், நெய்தவர் வருவதில்லை. அதையும் கவனியுங்கள். விட்டுப்போன அந்த இடத்தை நிரப்பத்தான் உங்களைப் போன்றவர்கள் வேண்டும்.

பலம் இருப்பதால் பொறுப்பும் இருக்கிறது. ‘குண்டாக இருப்பவர்கள் குறையை மறைக்க’, ‘மாநிறத்தையும் எடுப்பாகக் காட்டும்’ என்ற வரிகளை உங்கள் இதழில் பார்த்தேன். எழுதியவர் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருப்பார். ஆனால் அதை உங்கள் வகுப்பின் கடைசி பெஞ்சில் ஒரு தங்கை படிப்பாள். உடல் குறையில்லை. உடம்புக்குப் பொருந்தாத உடைதான் குறையுள்ளது. நாம் படித்த பேட்டர்ன் பாடமே அதைத்தானே சொல்கிறது? உடம்பை அளந்து அதற்கேற்பத் துணியை வெட்டு என்கிறது. துணிக்கேற்ப உடம்பை வெட்டச் சொல்லவில்லை. ‘எந்த டார்ட்டை எங்கே நகர்த்தினால் மார்பில் இழுக்காது’ என்று எழுதுங்கள். யாரையும் புண்படுத்தாது, பத்துப் பேருக்கு உதவும்.

கடைக்காரர் இலவசமாக இரண்டு டாப்ஸ் கொடுத்து எழுதச் சொன்னால், எழுதலாம். பக்கத்தின் தலையில் ‘விளம்பரம்’ என்று போடுங்கள். இதில் பேரம் வேண்டாம். ஒருமுறை வாசகரின் நம்பிக்கை போனால், உங்கள் பாராட்டுக்கும் மதிப்பிருக்காது.

மாணவர் இதழ் சின்ன இடம் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் ‘மாட்மாஸல்’ என்ற ஃபேஷன் இதழ் ஆண்டுதோறும் கல்லூரி மாணவியரைத் தேர்ந்தெடுத்து, தன் ஆகஸ்ட் இதழை உருவாக்குவதில் சேர்த்துக்கொண்டது. 1953இல் அப்படிப் போனவர் பின்னாளில் கவிஞராகப் புகழ்பெற்ற சில்வியா பிளாத். 1955இல் போனவர் ஜோன் டிடியன். டிடியன் பிறகு ‘வோக்’கில் சேர்ந்து படக்குறிப்பு எழுதிப் பழகினார். ஒரு மேசை, ஒரு விளக்கு, நாலு வரி. அந்த நாலு வரியில் ஒரு சொல் கூடினாலும் ஆசிரியர் அடித்துவிடுவார். பெரிய எழுத்தாளரான பிறகும் தம் உரைநடையின் பயிற்சி அங்கே கிடைத்ததாகவே அவர் கருதினார். எனவே ‘எனக்கு வெறும் கேப்ஷன்தான் கொடுத்தார்கள்’ என்று வருந்துபவர்கள், தயவுசெய்து வருந்தாதீர்கள். துணி என்ன, வெட்டு என்ன, தைத்தது யார், எங்கே கிடைக்கும் என்பதை இருபது சொல்லில் சொல்லக் கற்றவருக்கு இரண்டாயிரம் சொல்லும் வசப்படும்.

எழுதி முடித்ததும் பிசிறு வெட்டுங்கள். அம்மாவின் தொழிலிலிருந்து நான் எடுத்துக்கொண்ட சொல் இது. தைத்து முடித்த சட்டையில் தையல் தொடங்கிய இடத்திலும் முடிந்த இடத்திலும்தான் நூல் நீட்டிக்கொண்டிருக்கும். கட்டுரையிலும் அப்படியே. முதல் பத்தியிலும் கடைசிப் பத்தியிலும் கத்தரியை வையுங்கள். ‘இன்றைய நவநாகரிக உலகில்’ என்று தொடங்கினால் அந்த வரியை எடுத்துவிட்டுப் படியுங்கள். கட்டுரைக்கு ஒன்றும் ஆகாது. சத்தமாகப் படியுங்கள். மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். நண்பர் உங்கள் வரியை வெட்டினால் முகம் வாட வேண்டாம். பிசிறு வெட்டுபவர் சட்டைக்கு எதிரி இல்லை. அதோடு கத்தரி தையலைத் தொட்டால் சட்டையே பிரிந்துவிடும் என்பதையும் வெட்டுகிறவர் மறக்க வேண்டாம்.

அடுத்த இதழுக்கு உங்களிடம் மூன்று கோரிக்கைகள் வைக்கிறேன். ஒவ்வொரு கட்டுரையிலும் ஒரு துணியின் பெயராவது, அதைத் தொட்டுப் பார்த்த உணர்வோடு வரட்டும். ஒரு பக்கத்தை உங்கள் ஊரில் உழைக்கும் ஒருவரின் உடைக்கு ஒதுக்குங்கள். படம் எடுத்தவர், மாடலாக நின்றவர், தைத்தவர் ஆகிய மூவர் பெயரும் ஒரே அளவு எழுத்தில் வரட்டும்.

அச்சானதும் எனக்கு ஒரு பிரதி தபாலில் அனுப்புங்கள். அம்மா இப்போது வேலைக்குப் போவதில்லை. இத்தனை வருடம் டியூப்லைட் வெளிச்சத்தில் தையலையே பார்த்த அவருக்கு, இப்போது அருகில் இருப்பது மங்கலாகத்தான் தெரிகிறது. நான் வாசித்துக் காட்டுவேன், அவர் கேட்பார். ஒவ்வொரு கட்டுரை முடிந்ததும் நிச்சயம் ஒரு கேள்வி வரும். “அது என்ன துணி கண்ணு?” என்பார். பதில் உங்கள் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் துறையின் பழைய மாணவி
திருப்பூர்